ஆறு ஊசிக்குப் பிறகு பார்த்த ரிப்போர்ட்

இது சத்தியமாக நடந்த கதை. லிஃப்ட் மெக்கானிக் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியின் ஏழு மாடியும் ஆடியது என்று சொன்னால் அது மட்டும் புளுகு. மூன்று மாடிதான் ஆடியது.

அவருக்குக் குடலில் புற்றுநோய். ஆறு ஊசி போட்டார்கள். ஊசியால் முகமெல்லாம் பரு வெடித்தது, கட்டி மட்டும் சொகுசாக வளர்ந்தது. அதன்பிறகுதான் டாக்டர் ஃபைலைப் புரட்டி மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்தார். கட்டியில் ஒரு மரபணு மாறியிருந்ததாம். அப்படி மாறியிருந்தால் அந்த ஊசி வேலையே செய்யாதாம்.

"இது எப்ப வந்துச்சு டாக்டர்?"

"மூணு மாசம் ஆச்சு. கவனிக்காம விட்டுட்டோம். வேற மருந்து இருக்கு, திங்கக்கிழமை ஆரம்பிக்கலாம்."

"லிஃப்ட் கதவுல கோளாறுன்னு சீட்டு எழுதி ஒட்டியிருக்கு. அதப் படிக்காம நான் ஆறு தடவை மோட்டார கழட்டி மாட்டுனா, என்னைச் சும்மா விடுவீங்களா?"

மறுநாள் பட்டறையில், கூட வேலை செய்யும் வயர்மேனிடமும் வெல்டரிடமும் இதைச் சொன்னார்.

"திங்கக்கிழமை அவர்கிட்டயே போண்ணே. இனிமே ஒவ்வொரு காகிதத்தையும் நாலு தடவை படிப்பாரு" என்றான் வயர்மேன்.

"போய்யா! உன் குடலா இருந்தா அனுப்புவியா?" என்று வெல்டர் எழுந்தான்.

"வேற டாக்டரத் தேடி நாள் கடத்தச் சொல்றியா, கொலைகாரா?"

வயர்மேன் வெல்டரின் சட்டையைப் பிடித்தான்.

"டேய், நோய் எனக்குடா!" என்று மெக்கானிக் கத்தியது இருவர் காதிலும் விழவில்லை.