தண்ணீர் கிடக்க வாடிய வாழை

பொன்செல்வி செய்வினை வைத்துத்தான் அவள் ஓரகத்தி சுடலைவடிவின் முந்நூறு வாழையும் பட்டுப்போயின என்று ஸ்ரீவைகுண்டம் பேருந்தில் இரண்டு பேர் சத்தியம் செய்தார்கள். வயலில் தண்ணீர் கிடக்கும்போதே வாடியதாம், அதுதான் அத்தாட்சி. பத்திரிகையில் எழுதுகிற நான் செய்வினையை நேரில் பார்த்ததில்லை. பொன்செல்வியின் ஊரில் இறங்கிவிட்டேன்.

வற்றிய வயலில் ஒவ்வொரு வாழையின் அடியைச் சுற்றியும் உரம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. இவ்வளவு போடச் சொன்னது யார் என்று சுடலைவடிவிடம் கேட்டேன்.

"எலியேசர் சார்தான். சத்து பத்தல, ரெண்டு பங்கு போடுன்னாவ. வாடவும், இன்னும் போடுன்னாவ. அவ வச்ச வினைக்கு சார் என்ன செய்வாவ, பாவம்."

எலியேசர் பாளையங்கோட்டைப் பள்ளியொன்றில் இருபத்தெட்டு வருடம் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவர். வருடாவருடம் உருளைக்கிழங்கைக் குடைந்து சவ்வூடு பரவலைக் காட்டியவர். வேருக்கு வெளியே உப்புச் செறிவு கூடினால், உள்ளிருக்கும் தண்ணீர் செல் சவ்வைத் தாண்டித் தானாக வெளியேறிவிடும். சுற்றிலும் நீர் நின்றாலும் செடி வாடும். இரண்டு மதிப்பெண் கேள்வி. தப்பாக எழுதியவர்களை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறார்.

அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை.

"சர்ச் வாசல்ல நாலு பேரு நிக்கையில வந்து கேட்டா, அண்ணாச்சி. வயக்காட்டு விசயம் தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. ரெண்டாவது தடவையும் போடுன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்த பொறவுதான் உறைச்சுது."

"அப்பமே போய்ச் சொல்லியிருக்கலாம்லா? மூணு தெருதானே?"

"தண்ணி தானாப் போவும், அதுக்குச் சக்தி வேண்டாம். செறிவு கூடுன பக்கமா உப்பை ஏத்தணும்னாத்தான் செல்லு பாடுபடணும். எனக்கு அம்புட்டுச் சக்தி இல்ல."

ஆற்றல் சார்ந்த கடத்துதலை வகுப்பில் இவ்வளவு சுருக்கமாக அவர் நடத்தியிருக்க மாட்டார்.

"பொன்செல்வி தண்ணி பிடிக்க வந்தா, குழாயடியில மத்தவ ஒதுங்கிக்கிடுதாவளாம்" என்றேன்.

"தெரியும்." காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "குழாய் எங்க வீட்டு வாசல்லதான் இருக்கு."

கிளம்பும்போது கேட் வரை வந்தார். "பேரைப் போட்டே எழுதுங்க, அண்ணாச்சி. சுடலைவடிவு பேப்பர் வாசிக்க மாட்டா."

போட்டுவிட்டேன். போன வாரமும் சுடலைவடிவு அவரை வழிமறித்து, "தண்ணி கெடக்க எப்படி சார் வாடும்?" என்று கேட்டிருக்கிறாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு மதிப்பெண் பதில். இன்னும் அவள் கைக்கு வந்து சேரவில்லை.