தபால்காரர் கதையின் பின்பாதி

பல்செட் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவள் பல் காரணமில்லை. அவளுடைய முப்பத்திரண்டும் இன்றுவரை அசையாமல் இருக்கின்றன. பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அளவைப் பார்த்துப் பல்செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு இருபத்தாறு வருட வேலை. பிளாஸ்டர் அச்சின்மேல் மெழுகை வைத்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேலச்சையும் கீழச்சையும் கடிக்கவைத்துப் பார்த்து, உரசும் இடத்தைத் தேய்த்துக் கொடுப்பாள். பகலெல்லாம் ஊரார் பல். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தால் ஊரார் கொலை.

ஆமாம், துப்பறியும் நாவல் தொடர்களைத் தவிர வேறு எதையும் அவள் தொட மாட்டாள். அதிலும் ஆயிரம் நொட்டை சொல்லுவாள். முதல் பக்கத்திலேயே மழையைக் கொட்டவிடும் ஒருவருக்கு மழைக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். "குடை இல்லாம அந்தாளு புத்தகத்தைத் திறக்கவே முடியாது" என்பாள். இன்னொருவர் கடைசி அத்தியாயத்தில் எங்கிருந்தோ ஓர் இரட்டைச் சகோதரனைக் கொண்டுவந்து நிறுத்திக் கொலையை அவன் தலையில் கட்டினார். அன்றோடு அவரைத் தலைமுழுகினாள். "முப்பது அத்தியாயம் மூச்சுவிடாம படிச்சவளுக்குக் காது குத்துறதா? முடிவுன்னா பல்செட் மாதிரி வாயில உக்காரணும். ஆடவும் கூடாது, கடிக்கவும் கூடாது."

அப்படி உட்கார வைக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் என்பது அவள் தீர்ப்பு. அவரை அவள் பெயர் சொல்ல மாட்டாள், நம்மாள் என்பாள். அவர் எழுதுவது, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முட்டிவலியோடு துப்பறியும் கதை. இதுவரை முப்பதுக்கு மேல் புத்தகம். துப்பாக்கி கிடையாது, கார் துரத்தல் கிடையாது. உறையின் மேல் உள்ள கையெழுத்தைப் பார்த்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடுவார் மனிதர். பத்தொன்பதாம் புத்தகத்தில் அவருக்கு ஒரு காதல் வந்தபோது அக்கா கொதித்துப்போய் எழுத்தாளருக்கே கடிதம் போட்டாள். அடுத்த புத்தகத்தில் அந்தப் பெண்மணி வெளிநாடு போய்விட்டாள். தன் கடிதம்தான் அவளை விமானம் ஏற்றியது என்று அக்கா இன்றும் சத்தியம் செய்வாள். யார் மறுத்துப் பேசுவது?

அவளுக்கு இந்தக் கிறுக்கில் ஒரே கூட்டாளி அவள் தம்பி. லிப்ட் மெக்கானிக். கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்று ஜெயித்தவன். அக்காவை விட்டால் அவனுக்கு வேறு ஆளில்லை. சிறுவயதில் ஒரு புத்தகத்துக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டதில் அது நடுவில் கிழிந்தது. அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. புதுப் புத்தகம் வந்ததும் அக்கா பிளேடால் முதுகைப் பிளந்து இரண்டாக்குவாள். முன்பாதியைப் படித்து அவனிடம் தள்ளிவிட்டுப் பின்பாதியை எடுப்பாள். எப்போதும் அவன் அரைப் புத்தகம் பின்னால். அவன் முடிக்கும்வரை அவள் வாய் திறக்கக்கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக்கூடாது. அந்த நாட்களில் தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நாற்பது வருடத்தில் அவன் ஒருநாளும் முடிவைக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. முடிவை முன்கூட்டிச் சொல்கிறவனும் கொலைகாரன்தான் என்பது அவள் கட்சி.

முப்பத்தொன்றாம் புத்தகம் வந்த வாரம்தான் தம்பியின் இதயத்தில் வால்வு பழுது என்று தெரிந்தது. உடனே அறுவை சிகிச்சை என்றார்கள். அதற்கு முந்தின நாள் மத்தியானம் டாக்டர் அவளை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒளிச்சுப் பேச விரும்பலைம்மா. பாதிக்குப் பாதிதான் சொல்ல முடியும்."

"அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நீங்க சொன்னா சொல்றேன்."

"வேணாம் டாக்டர். பயந்தாங்கொள்ளி அவன்."

முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, கையெழுத்துப் போடத்தான் கூப்பிட்டார் என்று தம்பியிடம் சொன்னாள். அவன் முன்பாதியின் கடைசிப் பக்கத்தில் இருந்தான். தலையை ஆட்டினான்.

மறுநாள் காலை பச்சை அங்கி மாட்டி, தள்ளுவண்டியில் படுக்கவைத்திருந்தார்கள். பின்பாதி அக்காவின் பைக்குள் இருந்தது. அவள் அதைப் படித்து முடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கதவருகே போனதும் அவன் அவள் கையைப் பிடித்தான்.

"அக்கா, கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடு."

அவளுக்கு உயிரே போய் வந்தது. சொன்னால், நீ திரும்பி வரமாட்டாய் என்று அவளே வழியனுப்பி வைத்ததாகிவிடும். சொல்லாமல் விட்டு, அவன் வராமலே போய்விட்டால்? பெற்றவர்கள் போன பிறகு அவள் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை கேட்ட கடைசி வார்த்தை அல்லவா இது! கொலைகாரன் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தே விட்டாள்.

"போடா. வந்து படிச்சுக்கோ" என்றது வாய்.

"வராட்டி?"

"வராத ஆளுக்கு அது எதுக்குடா?"

அவன் சிரித்தான். கதவு சாத்திக்கொண்டது.

ஐந்து மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொண்டாள். பாவி, பிள்ளை வாய்விட்டுக் கேட்டானே, சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? கொள்கையாம், புடலங்காயாம்! நம்மாளையும் திட்டினாள், முட்டிவலித் தபால்காரரையும் விடவில்லை. டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்றபோது பையிலிருந்த பின்பாதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவனை வார்டுக்கு மாற்றினார்கள். அவள் பின்பாதியை எடுத்துத் தலையணை ஓரம் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"கோபமாடா? கேட்டதுக்குச் சொல்லலேன்னு?"

"அட போக்கா. கொலைகாரன் எவனா இருந்தா எனக்கென்ன? டாக்டர் உன்னை மட்டும் தனியாக் கூப்பிட்டாரு, கையெழுத்துன்னு வந்து சொன்னே. நேராக் கேட்டா நீ வாயைத் திறக்க மாட்டே. நான் பொழைக்க மாட்டேன்னு இருந்தா, முடிவைச் சொல்லாம என்னை உள்ள அனுப்புவியா நீ? அதான் கேட்டுப் பாத்தேன். வந்து படிச்சுக்கோன்னே. அப்புறம் என்ன பயம்? நிம்மதியாப் போய்ப் படுத்தேன்."



"பெரிய துப்பறியும் புலி! வாயை மூடிட்டுப் படி" என்று அதட்டிவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் வெளியே வந்தாள். வராந்தாக் குழாயடியில் பாட்டில் நிரம்பி வழிய வழிய நின்று அழுதாள். திரும்பி வந்தபோது அவன் இரண்டாவது பக்கத்தில் இருந்தான்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. அவன் மறுபடி லிப்ட் ஏறி இறங்குகிறான், இவள் பல் நடுகிறாள். டாக்டர் அன்று சொன்னதை மட்டும் அவள் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.