சந்தனம் வைத்த பிளாப்பி

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்பு பிளாப்பி கிடக்கிறது. அதன் தகட்டில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு. வைத்தவள் நான்தான்.

அருப்புக்கோட்டையில் நான் வாழ்க்கைப்பட்ட கூட்டுக்குடும்பத்தில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதை ஆண்டு வந்தவர் என் ஓரகத்தி, வீட்டின் மூத்த மருமகள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பாலவனத்தம், மல்லாங்கிணறு பள்ளிகளுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுப்பார். கறுப்புத் திரையில் பழைய டாஸ்; மவுஸ் கிடையாது, எல்லாம் தட்டச்சுதான். கட்டளைகள் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நானோ விண்டோஸ் படித்த சான்றிதழோடு வந்தவள், சும்மா இருப்பேனா? என் கணவரை நச்சரித்து விண்டோஸுக்கு மாற்றச் சம்மதிக்க வைத்தேன். "மாத்திக்கங்க. அடிச்ச பேப்பரெல்லாம் பிளாப்பில பத்திரமா இருக்கு" என்றார் அக்கா.

ஆயுத பூசைக்கு மறுநாள் பழையதை முழுக்க அழித்துவிட்டு விண்டோஸை ஏற்றினோம். பிறகு பிளாப்பியைச் செருகினால் கரகரவென்று சத்தம்தான் வந்தது. முந்தின நாள் அரிவாள்மணை முதல் தையல் மிஷின் வரை பொட்டு வைத்த புது மருமகள், பிளாப்பிகளையும் விடவில்லை. ஈரச் சந்தனம் தகட்டின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருந்தது. ஒன்றுகூடத் திறக்கவில்லை. திங்கட்கிழமை வினாத்தாள் போகாவிட்டால் பள்ளிகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். அந்த வீட்டில் அக்காவுக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

"யாரு செஞ்ச வேலை இது?" என்று மாமியார் கேட்டார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "பிளாப்பி பழசு அத்தை. போயிருச்சு."

ஆசிரியர்கள் கைப்பட எழுதிக் கொடுத்த தாள்கள் நல்லவேளையாகக் கையில் இருந்தன. ஆனால் அக்கா பிடித்தால் மவுஸ் மேசையை விட்டே ஓடியது. அதை என் பக்கம் தள்ளினார். "இத நீ மேச்சுக்க. அடிக்கிறத நான் பாத்துக்கிறேன்." ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தோம். தமிழ் எழுத்துகள் அக்கா முன்பு பழகிய டைப்ரைட்டரில் இருந்த அதே இடங்களில்தான் இருந்தன. அக்கா திரையை ஏறிட்டும் பார்க்காமல் அடித்தார். திங்கள் காலை முதல் பஸ்ஸில் வினாத்தாள்கள் போயின. அரையாண்டுத் தேர்வு வந்தபோது பெஞ்சிலிருந்து என்னையே எழுப்பிவிட்டு மவுஸைப் பிடித்துக்கொண்டார். "எந்திரி. நீ மெதுவா நகத்துற."

நாங்கள் தனிக்குடித்தனம் போனபோது, பாத்திரங்களோடு இந்தப் பிளாப்பியையும் வைத்து அனுப்பியவர் அவர்தான். இப்போது என்னிடம் லேப்டாப் இருக்கிறது. ஆயுத பூசை தவறாமல் அக்காவிடமிருந்து போன் வரும்.

"பொட்டு வச்சியா?"

"வச்சேங்க்கா."

"எங்க?"

"மூடி மேலதான்."

"சரி" என்று போனை வைத்துவிடுவார். அது யார் செய்த வேலை என்று அந்த வீட்டில் இன்றுவரை வேறு யாருக்கும் தெரியாது.