மாமியின் ஆடும் என் பாட்டும்

நான் பாட்டுக் கட்டத் தொடங்கியது கதைக்க வராததால்தான். என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வேலிச் சண்டையில் என் வாய்க்கு ஈடுகொடுக்க எங்கள் தெருவில் ஆள் இருந்ததில்லை. ஆனால் டேப் ரெக்கோடரைக் கண்டால் மட்டும் அந்த வாய் கட்டிப்போகும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனைக்கு வடக்கே மருதமுனையில், வீட்டுக்கு வீடு தறி ஓடும் தெருவில் இருந்தோம். நானும் உம்மாவும் ஆண்கள் இடுப்பில் கட்டும் சாரன் நெய்தோம்; என் மகன் சின்னப் பிள்ளை. என் கணவர் சவூதிக்குப் போய் எட்டு மாதமாகியிருந்தது. அவருக்கு வாசிப்பு அவ்வளவாக ஓடாது. நான் எழுதும் கடிதத்தை அறையில் இருக்கும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். மனைவி எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்க அவருக்கு வெட்கம். அதனால் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு டேப் ரெக்கோடரையும் மூன்று வெறுங் கசட்டுகளையும் கொடுத்துவிட்டார். அப்போது வெளிநாட்டில் ஆள் இருக்கிற பல வீடுகளில் கசட்தான் கடிதம்.

உம்மா அஸர் தொழப் போன நேரம் பார்த்து அதன் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். ஸலாம் சொன்னேன். அத்தோடு சரி. நாடா சுற்றுகிறது, நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். "சுகமா?" என்று கேட்டேன். பெட்டியா பதில் சொல்லப் போகிறது? எரிச்சலில் எழுந்துபோய்த் தறியில் இருந்தேன். பொத்தானை நிறுத்த மறந்துவிட்டேன். கால் மிதியில் பட்டதும், வழக்கம்போல வாய் முணுமுணுக்கத் தொடங்கியது. மனதில் இருந்ததெல்லாம் தறியின் அடிக்கு அடி ஒரு சொல்லாக வந்து விழுந்தது. அதையே அனுப்பினேன்.

அது நல்ல பாட்டு என்று சொல்லமாட்டேன். நிலா, மல்லிகை, கண்ணீர் என்று ஸ்பீக்கரில் கேட்ட சாமான்களையெல்லாம் அள்ளிப் போட்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து அவருடைய கசட் வந்தது. என்ன சொல்லியிருப்பார் என்று அவசரமாகப் போட்டுப் பார்த்தேன்.

"மகன்ட உம்மா, பாட்டு நல்லாத்தான் இரிக்கி. கூர ஒழுகினதே, அது என்னாச்சு? அதச் சொல்லல்லையே நீ?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கூரையா? சரி, கூரையைப் பற்றியே பாடுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

மூணாம் ஓட்டில் ஒழுகுது மழை,
முற்றத்து வாழை குலைதள்ளி நிக்குது,
மகனுக்கு விழுந்தது முன்பல் ஒன்று,
மண்ணில் புதைத்தான், முளைக்குமாம் அது.

பாடி முடித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நிலாவை விட ஓடு நன்றாகப் பாட்டில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்: என் கண்ணால் பார்க்காத எதுவும் பாட்டுக்குள் வரக் கூடாது. வெறும் துணி நெய்யும்போது தறி வேகமாக ஓடும், அப்போது சிரிக்கவைக்கும் பகிடிப் பாட்டு. கரைக்கு நிற நூல் கோத்து நெய்யும்போது கை மெதுவாகும், மனதில் கிடக்கிறதை அப்போது பாடுவேன். ஒரு வரி சரியில்லை என்றால் காலே தடுமாறிக் காட்டிக்கொடுக்கும்.

பகிடிப் பாட்டுகளில் ஒன்று மாமியின் ஆட்டைப் பற்றியது. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு மாமி எங்களுக்குச் சொந்தமில்லை, ஊர் முறைக்கு மாமி. மகன் வெளிநாடு போனபின் வீட்டில் தனி ஆள். அவரிடம் ஒரு கிடாய் இருந்தது. கட்டவும் மாட்டார், விற்கவும் மாட்டார். அது வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து, நான் வெயிலில் காயப்போட்ட நூலைத் தின்னும். கேட்டால், "வாயில்லாச் சீவன், அதுக்கென்ன தெரியும்?" என்பார். எனக்குத்தான் வாய் இருக்கிறதே, பாடினேன்:

வேலி பிரிக்குது மாமி ஆடு,
வெள்ளை நூலை மென்றது பாரு,
தின்ற ஆட்டைப் பிடித்துப் பிழிஞ்சா
திருநாளுக்குச் சாரன் வருமே.

அடுத்த கசட்டில் அவர் சிரித்த சிரிப்பை மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்டேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வேறு சிரிப்புகளும் கேட்டன. அதை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

சில மாதம் போயிருக்கும். பின்தெருவில் கல்யாணம். தென்னையில் ஸ்பீக்கர் கட்டிக் காலையிலிருந்து பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. சவூதியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பொடியன் ஒருவன் கொடுத்த கசட்டைப் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் மார்க்கப் பாட்டு. அது முடிந்ததும் ஸ்பீக்கர்காரர் மறுபக்கத்தைப் புரட்டிப் போட்டார். டக், டக் என்று தறி அடித்தது. ஊர் முழுக்கக் கேட்கும்படி என் குரல், "வேலி பிரிக்குது மாமி ஆடு" என்று புறப்பட்டது.

நான் குளித்துக்கொண்டிருந்தேன். கிணற்றுக்குள் குதித்துவிடலாமா என்று இருந்தது. அறையில் கிடந்த கசட்டை யாரோ கொப்பி அடித்து, அதை இன்னொருவர் கொப்பி அடித்து, அது கடல் தாண்டி ஊருக்கே வந்திருக்கிறது. கல்யாண வீட்டில் பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பது எங்கள் முற்றம்வரை கேட்டது. யார் குரல் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. அந்த ஆட்டைத் தெரியாத ஆள் தெருவில் உண்டா?

உம்மா தறியை விட்டு எழுந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. "பொம்புளப் புள்ளட கொரல் தென்ன மரத்துல தொங்குது. இதுக்கா உன்ன வளத்தன்?" என்றார். டேப் ரெக்கோடரைத் துணியில் சுற்றிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. கணவருக்கு இரண்டு வரியில் ஒரு கடிதம் எழுதினேன்: இனிப் பாட்டும் இல்லை, கசட்டும் இல்லை.

அதற்குப் பிறகு தறி ஓடியது, வாய் ஓடவில்லை. முணுமுணுப்பு வந்தால் உதட்டைக் கடித்துக்கொள்வேன். அவமானத்தைக் கூடத் தாங்கலாம். ஒரு வரி நெஞ்சில் வந்து நிற்க, அதைத் திருப்பி அனுப்புவது இருக்கிறதே, அதுதான் பெரிய வேதனை. பாட்டு எனக்கு இவ்வளவு வேண்டியதாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

மாமி சண்டைக்கு வருவார் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். ஒரு மாதம் கழித்து, ஒரு காலை நேரம் வந்தார். ஆடும் பின்னால் வந்தது.

"என்ட ஆட்ட ஊர் சிரிக்கப் பாடினாய்தானே," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அப்ப இனி என்ட மகனுக்கு ஒண்டு பாடு."

மாமியின் மகனும் சவூதிக்குத்தான் போயிருந்தான். கடையில் வேலை என்று சொல்லிப் போனவன். ஒரு வருடமாக ஒரு சொல் இல்லை. எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாது.

"பாட்ட எங்க மாமி அனுப்புற? விலாசம் இல்லியே," என்றேன்.

"உன்ட பாட்டுக்கு ஆரு விலாசம் போட்ட? அது தானாத்தானே கல்யாண ஊட்டுக்கு வந்திச்சு? அப்பிடியே அவன்கிட்டயும் போகட்டும்."

நான் பெரிய கேடு என்று நினைத்ததை, மாமி ஒரு பாதையாகப் பார்த்திருக்கிறார்.

உம்மா அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மாமி அவர் பக்கம் திரும்பி, "உன்ட மருமகன்ட சத்தத்த நீ மாசா மாசம் கேக்காய். எனக்கு அது இல்ல," என்றார். உம்மா எழுந்து வந்தார். கையைத் துடைத்துவிட்டுப் பெட்டகத்தைத் திறந்தார். "இது ஒண்டு மட்டுந்தான். பொறகு பூட்டிப்போடுவன்," என்றார்.

முதலில் நான் கட்டிய வரியில் தாயின் கண்ணீர் கடலாகப் பெருகியது. மாமி கையை உதறினார். "நான் எங்க புள்ள அழுதன்? ஆருக்கிட்ட அழுதன்? பொய் சொல்லாத, அவன் நம்பமாட்டான்."

என் சட்டத்தை நானே மறந்திருக்கிறேன். அப்படியென்றால் நீங்களே சொல்லுங்கள் என்றேன். சொல்ல ஒன்றுமில்லை என்றார். பிறகு ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். போவதற்கு ஒரு கிழமைக்கு முன் அவன் இதைக் குட்டியாக, கையில் தூக்கிக்கொண்டு வந்தானாம். தாய் செத்த குட்டி. போத்தலில் பால் கொடுத்தானாம். கட்டினால் அவனைத் தேடிக் கத்துகிறது என்று அவிழ்த்து விட்டவர்தான், அதன்பின் கட்டவே மனம் வரவில்லையாம். எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டும் கொடுக்கவில்லையாம். "அவன் என்ன வேல செஞ்சாலும் எனக்குக் காரியமில்ல. இரிக்கன் எண்டு ஒரு சொல்லு வந்தாப் போதும்."

நான் பிழிந்து சாரன் நெய்யச் சொன்ன ஆடு. போய்த் தறியில் இருந்தேன். அன்று கரை நெய்யும் வேகத்தில், அதே மெட்டில் பாடினேன்:

குட்டியாய்த் தூக்கி வந்த ஆடு
கொம்பு முளைச்சு நிக்குது மகனே,
கட்டி வைச்சாக் கத்துது என்று
காலையும் மாலையும் அவிழ்த்து விட்டேன்.

விலைக்குக் கேட்டார், கொடுக்கவும் இல்லை,
வேறொரு பேச்சை எடுக்கவும் இல்லை,
எந்த வேலை என்றாலும் என்ன,
இருக்கிறேன் என்று ஒரு சொல் அனுப்பு.

பாட்டு முடியும்போது ஆடு ஒருமுறை கத்தியது. அதை அழிக்கவில்லை. கடைசியில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்தப் பெட்டியைப் பார்த்து நேராகக் கதைத்தேன். "மகன்ட வாப்பா, இத எல்லாருக்கும் குடுங்க. எத்தின கொப்பி வேணுமெண்டாலும் அடிக்கட்டும்." யாரும் என்னிடமிருந்து எடுத்துப் போகாமல், நானாகவே வெளியே விட்ட முதல் பாட்டு அதுதான்.

உம்மா சொன்னபடி திரும்பப் பூட்டினார். ஐந்து மாதம் போயிற்று. மாமி ஒரு நாளும் வந்து விசாரிக்கவில்லை. நான்தான் வேலிப் பக்கம் போகப் பயந்தேன். கசட் எங்கேயாவது நொறுங்கிக் கிடக்கும், மாமிக்கு வீண் நம்பிக்கை கொடுத்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகு என் கணவரிடமிருந்து ஒரு கசட் வந்தது. மேலே பேனாவால் "மாமிக்கு" என்று யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தார். மாமியைக் கூப்பிட்டேன். உம்மாவே சாவியைக் கொண்டுவந்தார். மூவரும் தறிக்குப் பக்கத்தில் இருந்தோம். வெகுநேரம் ஒரு காற்று இரைந்தது. பிறகு ஓர் ஆண் குரல்.

"உம்மா, நான் இரிக்கன். தண்ணி பவுசர் ஓட்டுற சம்மாந்துறக் காக்கா ஒராள் இஞ்ச தண்ணி கொண்டு வருவாரு. அவருட வண்டிலதான் இந்தப் பாட்டக் கேட்டன். நம்மட ஆடு கத்தினதும் வெளங்கிப் போச்சு. இதையும் அவருட டேப்புலதான் புடிச்சு, அவர்கிட்டயே குடுத்து விடுறன்." காற்றுக்குள் வேறு சத்தமும் கேட்டது. "உம்மா, நான் கடையில இல்ல. பாலைவனத்துல ஆடு மேய்க்கிறன். அதச் சொல்ல வெக்கமாக் கெடந்திச்சு. எந்த வேல எண்டாலும் என்ன எண்டு நீங்க சொன்ன பொறகுதான் வாய் வந்திச்சு. பாடின ராத்தாக்கு ஸலாம் சொல்லுங்க."

வேறு சத்தம் என்று நான் நினைத்தது ஆடுகள். நூற்றுக்கணக்கில் இருக்கும். எங்கள் முற்றத்தில் நின்ற கிடாய் காதை நிமிர்த்தி வாசல்வரை வந்து பதிலுக்குக் கத்தியது. மாமி அப்போதுதான் அழுதார். அழுதபடியே சிரித்தார். கிடாய் நான் காயப்போட்ட நூலில் வாயை வைத்ததை மூன்று பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், யாரும் துரத்தவில்லை.

கசட் முடிந்து பொத்தான் தானாக மேலே எழும்பியது. நான் டேப் ரெக்கோடரை எடுத்து, பழையபடி துணியில் சுற்றப் போனேன். உம்மா அந்தத் துணியை என் கையிலிருந்து வாங்கி மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"தறியில இரி," என்றார். "அந்தப் புள்ளைக்குப் பதில் போகவேணும்."