கொல்லிமலையிலிருந்து அத்திச் செடி கொண்டுவரப் போன கதை

நோன்புப் பெருநாள் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்குப் போய்வந்தோம். அருவியில் குளிக்கவில்லை, படகில் ஏறவில்லை, காட்சிமுனையில் நின்று படம் எடுக்கவும் இல்லை. செடி பார்க்கத்தான் போனோம். மூன்று வாரம் கழித்து இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத மனம் வந்திருக்கிறது. பங்குனியில் பூப் பார்க்க மலையேறும் எண்ணம் உங்களுக்கும் இருந்தால் கடைசிவரை படித்துவிடுங்கள். நாங்கள் செய்ததை நீங்களும் செய்துவிடக் கூடாது.

எங்கள் மாடித்தோட்டக் குழுவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். சேந்தமங்கலம், நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஆட்கள், காலையில் எழுந்ததும் வாட்ஸப்பில் பூவைக் காட்டிக்கொள்கிற கூட்டம். அதில் ஜெசி என்று ஒரு பெண். ஊர் நாகர்கோவில். ஆறு வருஷமாக மலைமேல் சோளக்காட்டைத் தாண்டி ஒரு கிராமத்தில் அரசு நர்ஸ். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். குவார்ட்டர்ஸ் பின்புறத்தில் அவள் வளர்த்த டேலியாவையும் ஜெரேனியத்தையும் படத்தில் பார்த்தே நாங்கள் பொருமியிருக்கிறோம். எங்கள் ஊர் வெயிலில் அவை ஒரு வாரம் தாங்காது.

"இந்த ஞாயிறு எல்லாரும் வாங்க, பூ பாக்க" என்று அவள்தான் கூப்பிட்டாள். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு சின்ன வீடியோவும் போட்டிருந்தாள். அவளுடைய அத்தித் தொட்டிப் பக்கம் போனாலே ஒரு குட்டிக் குருவி வாலைத் தூக்கிக்கொண்டு வந்து காது கிழியக் கத்துகிறதாம், ஏனென்று தெரியவில்லையாம். குழுவை நடத்தும் பழனிச்சாமி சார், ரிட்டையர்டு வாத்தியார், 'தண்ணீர் கேட்கிறது, கிண்ணத்தில் வையுங்கள்' என்று எழுதினார். நாமக்கல் செல்வி வரிசையாக இதயம் போட்டாள். நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'உங்களோடு பேச வருகிறது. கொடுத்து வைத்தவர் நீங்கள்.' இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு பேர், ஒரு வேன். ஓட்டுநர் முருகேசன் எங்கள் தெருக்காரர். டீசலோடு சேர்த்து வாடகை ஐயாயிரம். சேந்தமங்கலத்தில் காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம். காரவள்ளி அடிவாரம் வரை நிம்மதியான ரோடு. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் கீழிருந்து வரிசையாக எண் எழுதிய பலகை இருக்கும். தலைசுற்றல்காரர்கள் வயிற்றைக் காலியாகவும் வைக்காதீர்கள், நிரப்பவும் நிரப்பாதீர்கள். செல்வி அடிவாரத்தில் பொட்டலம் கட்டிய நான்கு போண்டாவையும் மத்தியானம் கிளம்பும்போது சாப்பிட்டாள். அதன் பலனை இறக்கத்தில் பார்ப்பீர்கள்.

சோளக்காட்டில் எட்டரைக்கு டீ குடித்தோம். டீ நன்றாக இருந்தது. மிளகும் அன்னாசியும் மலைவாழையும் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டோம். அங்கிருந்து ஜெசி வீட்டுக்கு இன்னும் அரைமணி நேரம். மழை பெய்து எட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது போல, வழியெல்லாம் காப்பிச் செடிகள் கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. வேனுக்குள் மல்லிகைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்த மாதிரி வாசனை.

இறங்கியதும் நேராக அந்தப் பின்புறத்துக்குத்தான் ஓடினோம். படத்தில் பார்த்தது பாதிகூட இல்லை. சிமெண்ட் தரையில் வரிசையாகத் தொட்டிகள், பெயிண்ட் டப்பாக்கள், ஓட்டைக் குடங்கள், உடைந்த வாஷ்பேசினில்கூட ஒரு பெகோனியா. தேனீக்கள் சத்தம். சுவர்மேல் ஓர் அணில், எங்களைக் கண்டும் நகரவில்லை. "எங்கள் ஏழு மாடியையும் சேர்த்தாலும் இது வராது" என்று சார் வாய்விட்டே சொன்னார்.

ஜெசி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பிடிச்சதை எடுத்துக்கோங்க. எல்லாம் உங்களுக்குத்தான். செவ்வாய்க்கிழமை நான் கெளம்புறேன், டிரான்ஸ்ஃபர். அங்க ரெண்டாவது மாடி, பால்கனி கெடையாது. நான் ரெண்டு பேக்கோட பஸ்லதான் போவேன். இதையெல்லாம் யாரு கையிலயாவது குடுக்கணும்லா?"

எங்களுக்கு அதிர்ச்சிதான். "அய்யய்யோ" என்றோம், "அடடா" என்றோம். எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லை.

அப்புறம் நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டேலியாக் கிழங்குகளைக் கையாலேயே தோண்டினார். ராசிபுரத்து அக்கா தங்கை இருவர், இருபது வருஷமாக ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருப்பவர்கள், ஒரு ஆர்க்கிட் கூடைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செல்வி மண்ணைக்கூட விடவில்லை, மட்கிய இலைமண்ணை இரண்டு பையில் அள்ளினாள். பந்தலில் இருந்த ஜாதிமல்லிக் கொடியையும் தொட்டியோடு சாய்த்துச் சுருட்டினாள். ஜெசி குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். "அது நல்லா வரும், எடுங்க. இதுக்குத் தண்ணி கம்மியா ஊத்துங்க. எடுங்க, எடுங்க." சிரிப்பு நிற்கவே இல்லை. எவ்வளவு பெரிய மனசு என்று நானும் செல்வியும் பேசிக்கொண்டோம்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? என் கண் அத்திமேல்தான். எங்கள் மார்க்கத்தில் அத்திக்குத் தனி மதிப்பு உண்டு, என் மாடியில் இரண்டு முறை வைத்து இரண்டும் பட்டுப்போயின. இது இடுப்பு உயரம், உள்ளங்கையைவிடப் பெரிய இலைகள். தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஈரத்தில் நின்றது. கிட்டே போனதும் அந்த வீடியோக் குருவி வந்துவிட்டது. கொடிக்கம்பியில் உட்கார்ந்து கத்து கத்தென்று கத்தியது. "பாருங்க, எனக்கு டாட்டா சொல்லுது" என்று சொல்லிவிட்டு, செல்வியிடம் என்னை வீடியோகூட எடுக்கச் சொன்னேன்.

தூக்கும்போது இரண்டு இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டிருந்ததைப் பார்த்தேன். இலைச்சுருட்டுப் புழு என்று முடிவு செய்துவிட்டேன். கத்தரிக்கோல் பையில்தான் இருந்தது. எடுத்தும்விட்டேன். அதற்குள் முருகேசன் ஹாரன் அடித்தார், வீட்டுக்குப் போய் வெட்டிவிட்டு வேப்பெண்ணெய் அடித்துக்கொள்ளலாம் என்று உள்ளே போட்டுவிட்டேன். அந்த ஹாரனை நினைத்து இப்போதும் அல்லாவுக்கு நன்றி சொல்கிறேன்.

மத்தியானம் இரண்டரைக்குக் கிளம்பினோம். வேனில் கால் வைக்க இடமில்லை. அத்தி என் இரண்டு முழங்காலுக்கு நடுவில். சோளக்காட்டில் மிளகு வாங்கலாம் என்று யாருக்குமே தோன்றவில்லை, செடி நசுங்காமல் போனால் போதும் என்றாகிவிட்டது. இறக்கத்தில் ஐம்பத்தி எட்டாவது வளைவு தாண்டியதும் செல்வியின் போண்டா வேலையைக் காட்டியது. முருகேசன் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

அப்போதுதான் கேட்டது. மெல்லிசாக, விட்டு விட்டு, கீச் கீச்சென்று.

"ஏனுங்க, பெல்ட்டுச் சத்தமுங்களா?" என்று முருகேசன் குனிந்து பார்த்தார். எஞ்சின்தான் நின்றிருந்ததே. சார் போனை எடுத்துப் பார்த்தார். சத்தம் என் முழங்காலுக்கு நடுவிலிருந்து வந்தது. அந்தச் சுருண்ட இலையை விரலால் லேசாக விலக்கினேன். ஓரமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை, ஓட்டைக்குள் பஞ்சு நூல் கோத்து இழுத்திருந்தது. துணிக்கடைக்காரர் வீட்டில் பத்து வருஷம் ரவிக்கை தைத்தவள் நான், தையலைப் பார்த்துவிட்டுப் புழு என்றிருக்கிறேன். உள்ளே பஞ்சுமேல் மூன்று குஞ்சுகள். இறகு சரியாக முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை, மூன்று வாயும் என்னைப் பார்த்துத் திறந்திருந்தன.

தையல்சிட்டு, இலையைத் தைத்துக் கூடு கட்டும் குருவி. டாட்டாவும் இல்லை, பேச்சும் இல்லை. ஒரு வாரமாக அது கிட்டே வராதே, வராதே என்றுதான் கத்தியிருக்கிறது. இருபது வருஷம் செடி வளர்த்த இத்தனை பேர் அதைப் பார்த்து இதயம் போட்டிருக்கிறோம்.

"வண்டியைத் திருப்புங்க" என்றேன்.

"அக்கா, ஆறு மணிக்கு ராசிபுரத்துல எனக்கு இன்னொரு வாடகை இருக்குதுங்க."

"வீட்டுக்குக் கொண்டு போயிரலாம்மா. முட்டை மஞ்சக்கருவைக் கரைச்சு ஊத்தினா பொழச்சுக்கும்" என்றார் சார்.

"சார், உங்க மாடியில ரோஜாவே பொழைக்க மாட்டேங்குது." சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, யார்மேல் என்றுகூடத் தெரியவில்லை. ராசிபுரத்து அக்கா தங்கை இருட்டிவிடும் என்று முனகினார்கள். செல்வி ரோட்டோரத்தில் வாயைத் துடைத்துக்கொண்டே, "ஏறுங்க எல்லாரும். மும்தாஜக்கா சொல்றதுதான் சரி" என்றாள். முருகேசன் யாருக்கோ போன் போட்டு, "லேட்டாயிருமுங்க, குஞ்சு ஒண்ணு சீக்காக் கெடக்குது" என்றார். வளைவிலேயே மூன்று முறை ஒடித்து வேனைத் திருப்பினார்.

ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அந்த இலையைக் கைக்குள் ஏந்தியபடி இருந்தேன். பாதி வழியில் சத்தம் நின்றுவிட்டது. இலையைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

நான்கேகால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பின்புறம் மொட்டையாக இருந்தது. தரை முழுவதும் வட்ட வட்டமாகத் தொட்டி இருந்த தடங்கள். கொடிக்கம்பியில் குருவி இருந்தது, கத்தவில்லை, வாயில் எதையோ கவ்விக்கொண்டு இங்கும் அங்கும் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பொண்ணு வேலிக்கு அந்தப்பக்கம் நின்றாள். "நீங்க போனதுலேந்து புழுவக் கவ்வுறதும் கீழ போடறதுமாக் கெடக்குதுங்க சாமி" என்றாள்.

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு தடம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. அதன்மேலேயே வைத்தேன். சுருண்ட இலை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குழப்பம், செல்வி எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்துத் திருப்பினோம். பிறகு ஏழு பேரும் சுவர் ஓரம் ஒதுங்கி நின்றோம். குருவி கம்பியிலிருந்து தொட்டி விளிம்புக்கு வந்தது, மறுபடி கம்பிக்குப் போனது. திரும்ப வந்தது. இலைக்குள் தலையை விட்டது. கீச்சென்று மூன்று குரலும் ஒன்றாகக் கேட்டபோது நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பழனிச்சாமி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஜெசியைத் தேடினோம். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வேன் சத்தம் கேட்டும் எழுந்து வரவில்லை. முகம் வீங்கியிருந்தது. காலையில் பார்த்த சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. எங்களைப் பார்த்ததும் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எதையாவது மறந்துட்டீங்களாக்கா?" என்றாள்.

குஞ்சு விஷயத்தைச் சொன்னோம். ஓடிப்போய்ப் பார்த்தாள், அழுதாள், சிரித்தாள். கிளம்பும்போது வேன் வரைக்கும் வந்தாள். பின்பக்கம் அடுக்கிய செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செல்வியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பிச்சியில ஒரு குச்சி ஒடிச்சுக்கட்டுமா? எங்க அம்மா வீட்டுல இருந்து கொண்டாந்தது. அம்மா இப்ப இல்ல."

செல்வி ஜாதிமல்லி என்று சுருட்டிக் கட்டியது அதைத்தான். ஆறு வருஷம் அந்தக் கொடியை வளர்த்தவள், அதில் ஒரு குச்சிக்கு எங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறாள். எங்களால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. செல்வி கொடியையே இறக்கப் போனாள். "வேண்டாம்க்கா, பஸ்ல எங்க வைப்பேன்" என்று தடுத்துவிட்டு, ஒரு சாண் குச்சியை மட்டும் ஒடித்து ஈரத் துணியில் சுற்றிக்கொண்டாள்.

இனி உங்களுக்குப் பயன்படுகிற விஷயங்கள். பங்குனி, சித்திரையில் யார் தோட்டத்திலிருந்தும் தொட்டியைத் தூக்காதீர்கள், குச்சி போதும். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒவ்வொரு இலையையும் புரட்டிப் பாருங்கள். சுருண்டதெல்லாம் புழு இல்லை. ஒரு குருவி விடாமல் கத்தினால் உங்கள்மேல் பிரியம் என்று நினைத்துக்கொள்ளாமல் பத்தடி பின்னால் போங்கள். வேன் பேசும்போது சாயங்காலம் வேறு வாடகை இல்லாத ஓட்டுநராகப் பாருங்கள். எங்களுக்கு டீசல் மட்டும் எழுநூறு கூடியது, முருகேசன் அவர் இழந்ததைக் கேட்கவில்லை, நாங்களாகக் கொடுத்தோம். முக்கியமானது ஒன்று. செடிக்காரர் 'எல்லாம் எடுத்துக்கோங்க' என்றால், 'எதைத் தர உங்களுக்கு மனசில்லை?' என்று முதலில் கேளுங்கள்.

பத்து நாளில் குஞ்சுகள் பறந்துவிட்டன, சின்னப்பொண்ணு படம் அனுப்பினாள். புதிதாக வந்த நர்ஸ் அத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறாராம். அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று ஜெசி குழுவில் ஒரு படம் போட்டிருந்தாள். ஜன்னல் விளிம்பில் ஐஸ்கிரீம் டப்பா, அதில் பிச்சிக் குச்சி, இரண்டு புது இலை. வழக்கம்போல் இதயங்கள் வந்து விழுந்தன. நான் எதுவும் போடவில்லை. போன் பண்ணி, எப்படி இருக்கே என்று கேட்டேன்.

"நல்லா இருக்கேன்க்கா" என்று சிரித்தாள்.

"நெசமாத்தான் கேக்கறேன் கண்ணு" என்றேன்.

அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினாள்.