கவர்னர் டன்ஃபி காட்டிய பள்ளத்தாக்கு

மலாக்கி டன்ஃபியைப் பெரிய மனிதர் என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். அவர் படையில் இருந்த பார்ட்லியின் மனைவி நான். எனக்குத் தெரிந்ததை நானும் சொல்கிறேன்.

அயர்லாந்தில் பண்ணையாரின் ஆட்கள் டன்ஃபியின் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டபோது அவருக்குப் பதினோரு வயது. பஞ்சம் பிழைக்கக் கப்பலேறி அமெரிக்கா வந்தவர், உள்நாட்டுப் போரில் கேப்டனாகி ஒரு கண்ணைப் பறிகொடுத்தார். அதற்குக் கைம்மாறாக, வேறு எவரும் போக விரும்பாத இந்த மலைப் பிரதேசத்துக்குக் கவர்னராக அனுப்பினார்கள். அவர் பின்னாலேயே நாங்கள் ஒன்பது குடும்பம்.

ஓடையோரப் பள்ளத்தாக்கைக் காட்டி, "இது உங்களுக்குத்தான்டா. இனி ஒருத்தனும் உங்கள கிளப்ப முடியாது" என்றார். அங்கே கூடாரம் போட்டிருந்த பழங்குடிகளைக் கிளப்பியவரும் அவர்தான்; அதை நாங்கள் யோசிக்கவில்லை. உள்ளங்கையில் எச்சில் துப்பி, ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். எங்கள் அயர்லாந்துச் சந்தையில் மாடு கைமாறுவது அப்படித்தான். அதற்கு மேல் பேச்சில்லை.

நான் பார்ட்லியை விடவில்லை. "நில ஆபீசுக்குப் போய் ஒரு வார்த்தை பதிஞ்சு வச்சிட்டு வந்துடுங்களேன்."

"கேப்டன் கை குடுத்தப்புறம் காகிதம் கேக்கறதா? அவரச் செருப்பால அடிச்ச மாதிரிடி அது" என்று எரிந்து விழுந்தார் பார்ட்லி.

ஒன்பது பேரில் ஒருவரும் போகவில்லை.

நான்காம் வருஷம் அந்த நிலம் ரயில் கம்பெனிக்கு என்றாகிவிட்டது. எங்களைக் காலி செய்யும் உத்தரவில் கவர்னர் கையெழுத்துப் போட வேண்டும்; மறுத்தால் பதவி போகும். எல்லோருமாக அவர் வீட்டுக்குப் போனோம்.

"போட மாட்டேன்னு சொல்லுங்க கேப்டன்" என்று கெஞ்சினார் பார்ட்லி.

டன்ஃபி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் போடலேன்னா இன்னொருத்தன் வந்து போடுவான். ஆபீசுல பதிஞ்சிருந்தா காப்பாத்தியிருப்பேன். ஏன்டா பதியல?"

"உங்க கைய நம்பித்தான்!" என்று கத்தினேன்.

கையெழுத்துப் போட்டார். முதல் பனி விழுந்த வாரம் சிப்பாய்கள் வந்து கூரைகளைப் பிரித்தார்கள். டன்ஃபி குதிரைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படிக் காப்பாற்றிய பதவியும் வசந்தத்தில் வேறொருவனுக்குப் போயிற்று. சாராயக்கடை மாடியில் இருமிக்கொண்டு கிடந்தவர், கடைசியில் எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்னை அந்தப் பள்ளத்தாக்குலயே புதைச்சிடுங்கடா."

பார்ட்லி அழுதுகொண்டே தலையாட்டினார். நான்தான் சொன்னேன்: "அங்க குழி வெட்டணும்னா கம்பெனியத்தான் கேக்கணும், ஐயா. நமக்கு அங்க ஒரு சாண் மண்ணு கிடையாது."

அந்த ஒற்றைக் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்கிறார் பாதிரியார்.