கயிறு தளர்வாக இருக்க வேண்டும்

முதல் அறிகுறியை நாங்கள் கவனக்குறைவு என்று நினைத்தோம். விளக்கு வைக்கும் நேரத்தில், வாசலில் நிறுத்தியிருக்கும் சைக்கிளில் அக்கா மோதிக்கொள்வாள். கீழே வைத்த சோற்றுத் தட்டை மிதிப்பாள். “பராக்கு பாக்காம நட” என்று அம்மா முதுகில் ஒன்று வைப்பார். எட்டாம் வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்று அவள் சொன்னதைப் படிக்காமலிருக்கச் சாக்கு என்று அப்பா எடுத்துக்கொண்டு, பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். மாலைக்கண் என்று யாரோ சொல்ல, ஒரு வருடம் முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் தின்றாள்.

உங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் தடுமாறுகிற பிள்ளை இருந்தால், தயவுசெய்து அடிக்காதீர்கள். கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நாங்கள் போனபோது அக்கா வளர்மதிக்குப் பதினெட்டு வயது. சுனாமிக்கு மறு வருடம்.

சொட்டு மருந்து விட்டு, ஆஸ்பத்திரி நடையில் கண்ணை மூடி உட்காரவைத்தார்கள். பிறகு டாக்டர், படித்தவர்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். எங்கள் வீட்டில் எட்டாவதைத் தாண்டியவன் நான்தான். அப்போது ப்ளஸ் ஒன். எனவே என்னைப் பார்த்தே பேசினார். ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா (விழித்திரையின் செல்கள் சிறுகச் சிறுகச் செத்துப்போகும் பரம்பரை நோய்). முதலில் இருட்டில் தெரியாது. பிறகு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் பார்வை சுருங்கும். மருந்து இல்லை.

அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று கேட்டார். அப்பா அம்மாவின் சொந்தத் தாய்மாமன். அப்பா தரையைப் பார்த்தார். என் கண்களையும் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. எனக்கு வந்த நிம்மதிக்காக நான் பல நாள் வெட்கப்பட்டேன்.

அக்கா ஒன்றுதான் கேட்டாள்: “வெளிச்சமாவது நிக்குமா சார்?” சொல்ல முடியாதும்மா என்றார்.

பார்வை குறைந்தவர்களுக்கான பயிற்சி நிலையத்தில் சேர்த்தோம். நாற்காலி பின்னத்தான் சேர்த்தோம். அங்கிருந்த விளையாட்டு மாஸ்டர் அவளை லாஸ்பேட்டை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்குள் சுவரைத் தடவி நடப்பவள் அங்கே ஓடினாள். எப்படி என்று கேட்டேன். “முட்டிக்க ஒண்ணுமே இல்லடா அங்க” என்றாள்.

ஓரளவு பார்வை உள்ளவர்கள் பிரிவில், வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி இரண்டு வருடம் நானூறு மீட்டர் தனியாக ஓடினாள். ஒரு காலையில் வளைவில் திரும்பாமல் நேராக ஓடி, வேலிக் கம்பியில் விழுந்தாள். முழங்காலுக்கு மருந்து போடும்போது சொன்னாள்: “கோடு போயி ஆறு மாசம் ஆச்சி.” அத்தனை நாளும் காலடி எண்ணி வளைந்திருக்கிறாள். அன்றைக்கு எண்ணிக்கை தவறிவிட்டது.

அவள் பிரிவு மாறியது. முழுப் பார்வையற்றோர் பிரிவில், வெளிச்சம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், எல்லோரும் கண்பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் வழித்துணை ஓட்டக்காரர் ஓடுவார். இருவர் கையையும் ஒரு சின்னக் கயிறு இணைக்கும். வேற்று ஆணோடு கட்டிவிட அம்மா ஒப்பவில்லை. பஸ்ஸைப் பிடிக்க மட்டுமே ஓடிய நான் வழித்துணை ஆனேன்.

சென்னையில் தேர்வுப் போட்டி. முதல் இரண்டு பேர் தேசியப் போட்டிக்குப் போவார்கள். அந்த மாதம்தான் டாக்டர், இனி ஒளியுணர்வு (இருட்டா வெளிச்சமா என்று மட்டும் தெரிவது) தவிர எதுவும் மிச்சமில்லை என்று சொல்லியிருந்தார். தேசியப் போட்டியில் ஓடி முடித்துக் கண்பட்டையைக் கழற்றி, அந்த ஸ்டேடியத்து வெளிச்சத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

கடைசி இருபது மீட்டரில் நாங்கள்தான் முதலில். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லைக் கோட்டைக் கண்டதும் நெஞ்சை முன்னால் நீட்டிப் பாய்ந்தேன். வழித்துணை முந்தினால் ஓட்டம் செல்லாது. இந்த விதியை அவளுக்கு வாசித்துக் காட்டியதே நான்தான். சிவப்புக் கொடியைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் மரக்காணம் வரை அழுதேன். அக்கா வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். “மெடலு உனுக்கா எனுக்கா? அவ்ளோ அவசரம் இன்னாடா?” என்றாள். பிறகு என் கையிலும் கொஞ்சம் கடலையைக் கொட்டினாள்.

ஒரு வாரம் கழித்து மைதானத்தில் துப்பட்டாவால் என் கண்ணைக் கட்டினாள். கயிற்றின் மறுமுனையை அவள் பிடித்து, ஓடு என்றாள். பத்தடியில் நின்றுவிட்டேன். அவள் இழுத்தாள், இன்னும் பயந்தேன்.

“கயிறு இறுகுனா காலு நின்னுடுதில்ல? ஒரு வருஷமா நீ இப்டித்தான் இழுக்கற. லூசா வுடு. நீ பக்கத்துல கீறன்னு தெரிஞ்சா போதும், ஓட்டம் என்னுது.”

நான் அவளை ஓட்டுவதாக அதுவரை நினைத்திருந்தேன். அன்றிலிருந்து அவள் இடது கால் விழும் சத்தத்துக்கு என் கால் விழுந்தது.

அடுத்த வருடம் பெங்களூரில் தேசியப் போட்டி. மூன்றாவதாக வந்தாள். நான் ஓரடி பின்னால் வந்தேன். கண்பட்டையைக் கழற்றி முகத்தை வானத்துக்குத் தூக்கி நின்றாள். தெரிகிறதா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஊர் திரும்பியதும் பரிசோதனை. டாக்டர் டார்ச் அடித்தார். வலது கண், இடது கண். இல்லை, இல்லை என்றாள். என் அவசரத்தால் அந்த ஒரு வருடம் போகாமலிருந்தால் ஸ்டேடியத்து வெளிச்சத்தைப் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். வெளிச்சம் எப்போது முழுதாகப் போனது என்று டாக்டர் கேட்டார்.

“கவனிக்கல சார். ஓடிக்கினு இருந்தேன்.”

கோடு போன வருடம், வெளிச்சம் போன வருடம் என்று அவள் காலத்தை இழப்பால் எண்ணிவந்தவன் நான். அவள் தன் காலத்தை ஓட்டத்தின் விநாடிகளால் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த விநாடிகள் குறைந்துகொண்டே வந்ததில் அவளுக்குச் சந்தோஷம்.

வெளியே வந்ததும் என் முழங்கையில் இரண்டு விரலை வைத்தாள். வெயில் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. கன்னத்தைத் திருப்பி அவளே கண்டுபிடித்தாள். “மணி நாலு இருக்கும்” என்றாள். என் வாட்சில் நாலு பத்து.